பங்காரம்மா எடைமேடை ஸ்டாப்

பல்லடத்திலிருந்து உடுமலைப்பேட்டைக்குப் போகிற ரோட்டில் வேலாங்காட்டுப்புதூர் என்று ஒரு ஊர் இருக்கிறது. பெரிய ஊர் இல்லை. ஆனால் அந்த ஊர்க்காரர் எவரிடமும் போய்ச் சின்ன ஊர் என்று சொல்லிவிட முடியாது. வெள்ளைக்காரன் காலத்தில் கொடி பிடித்து ஜெயிலுக்குப் போன வாத்தியார் பிறந்த ஊர், ஆனைமலை அடிவாரம் வரைக்கும் வண்டி கட்டிப் போய்ப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி பிறந்த ஊர், பீளமேட்டில் பஞ்சு மில் கட்டிய சுந்தரராஜுலு பிறந்த ஊர் என்று விரல் மடக்கிச் சொல்வார்கள். இவர்களெல்லாம் இங்கே பிறந்து வெளியே போய்ப் பேர் எடுத்தவர்கள். பங்காரம்மா அங்கே பிறந்தவர் இல்லை. உடுமலைப் பக்கம் தென்னந்தோப்புக்காரர் வீட்டில் மூன்று அண்ணன்களுக்குக் கடைசியாகப் பிறந்து, இந்த ஊருக்கு வாழ வந்தவர். வந்த இடத்தை விட்டு எங்கேயும் போகாமலே பேர் எடுத்தவர்.

பேர் என்றால் சும்மா பேர் இல்லை. பஸ் ஸ்டாப்பின் பேர்.

அந்த ஸ்டாப்புக்குக் காலத்துக்கு ஒரு பேர் இருந்திருக்கிறது. மாட்டு வண்டிகள் இளைப்பாறின நாளில் வண்டிப்பேட்டை. பேட்டை போய் மரம் மட்டும் மிஞ்சியபின் புளியமரம். மரத்துக்கு எதிரில் கெங்குசாமி எடைமேடை போட்டபின் எடைமேடை. கெங்குசாமிதான் பங்காரம்மாவின் வீட்டுக்காரர். பஞ்சு லாரி, தேங்காய் லாரி, கோழித்தீவன லாரி எல்லாம் ரோட்டை விட்டு இறங்கி அந்த மேடைமேல் ஏறி நிற்கும். பக்கத்து அறைக்குள் நீளமாக ஓர் இரும்புக் கோல். அதில் குண்டை நகர்த்தி நகர்த்தி, கோல் ஆடாமல் மட்டமாக நிற்கிற இடத்தில் எடையைப் படித்துச் சீட்டில் எழுதித் தருவார்கள். இப்போது கம்ப்யூட்டர் வந்துவிட்டது. அன்றைக்குக் கோல்தான்.

வாசலில் 'ஸ்ரீ பாலாஜி எடைமேடை' என்று பலகை எழுதி மாட்டினார் கெங்குசாமி. அந்தப் பேரை அவர் ஒருவர்தான் சொன்னார் என்று வைத்துக்கொள்ளலாம்.

மேடை போட்டுச் சில வருஷத்திலேயே மஞ்சள் காமாலை வந்து கெங்குசாமி போய்விட்டார். கையில் ஒரு பெண்குழந்தையோடு பங்காரம்மா. காரியத்துக்குப் பீளமேட்டிலிருந்து சுந்தரராஜுலு வந்திருந்தார். அவர் அப்பாவும் கெங்குசாமியின் அப்பாவும் கூடப்பிறந்தவர்கள். சுந்தரராஜுலு வயதில் மூத்தவர். ஆகவே சுந்தரராஜுலு பங்காரம்மாவுக்குப் பாவா முறை, தமிழில் மூத்தார். வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிற அந்தக் குடும்பங்களில் பாவா எதிரே வந்தால் பெண்கள் எழுந்து நிற்க வேண்டும். அவர் பேசினால் கேட்டுக்கொள்ள வேண்டும், பதில் பேசக்கூடாது.

"மேடையை வித்துப்போட்டுத் தாய் ஊட்டுக்குப் போயிரம்மா," என்றார் சுந்தரராஜுலு. "லாரிக்காரங்களோட மல்லுக்கட்டற எடம். பொம்பளை உக்காந்து பொழைக்கற எடமில்லை."

பங்காரம்மா பதில் பேசவில்லை. மறுநாள் காலையில் எடைமேடை அறையைத் திறந்து, கோலைத் துடைத்து, சாம்பிராணி போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார். அதுதான் பதில்.

லாரிக்காரர்கள் லேசுப்பட்டவர்களா? சரக்கைக் குறைத்துக் காட்ட நினைப்பவர்கள் காலி வண்டியை எடை போடும்போது தண்ணீர் டிரம்மை நிரப்பி வைப்பார்கள். கூட்டிக் காட்ட நினைப்பவர்கள் லோடு வண்டியை எடை போடும்போது கிளீனரை மூட்டைக்கு நடுவில் படுக்க வைப்பார்கள். பங்காரம்மா ஜன்னலில் தலையை நீட்டுவார்.

"ஏனுங்கண்ணா, மேல படுத்திருக்கறவரையும் எறக்கி உடுங்க. அவரையும் பருத்தின்னு விக்கப் போறீங்களா?"

இப்படி ஒரு தடவை மாட்டிக்கொண்டு சிரித்தவன் அடுத்த தடவை ஏமாற்ற மாட்டான். புது லாரி வாங்கினவர்கள் முதல் எடையைப் பங்காரம்மா கையால் போட்டால் ராசி என்று வர ஆரம்பித்தார்கள். மாலையும் எலுமிச்சம்பழமுமாக வண்டி வந்து நிற்கும். அவரும் சந்தனம் வைத்துத்தான் சீட்டுக் கொடுப்பார்.

ஆனால் பேர் ஊன்றியது ஒரே நாளில். அது இப்படி.

சுந்தரராஜுலுவின் மில்லுக்குப் போகும் பருத்தி லாரி ஒன்று மேடைமேல் நின்றது. கூடவே வந்த மேனேஜர், எடையைக் கொஞ்சம் இறக்கி எழுதச் சொன்னார். இறங்குகிற எடை விற்ற விவசாயியின் தலையில் விழும். பங்காரம்மா மாட்டேன் என்றார். "மொதலாளி யாருன்னு தெரியுமில்ல?" என்றார் மேனேஜர். அந்த நேரம் பார்த்து மொதலாளியின் காரே வந்து நின்றது. சுந்தரராஜுலு இறங்கி அறை வாசலுக்கு வந்தார்.

பங்காரம்மா கை குண்டின்மேல். கோல் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. கையை எடுத்தால் நகர்த்தினது போய்விடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். வாசலில் பாவா நிற்கிறார். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஊரில் அதுவரைக்கும் பாவாவைப் பார்த்து எழுந்திருக்காத மருமகள் எந்த வீட்டிலும் கிடையாது.

பங்காரம்மா எழுந்திருக்கவில்லை. கோல் நிற்கும் வரைக்கும் கோலையே பார்த்துக்கொண்டிருந்தார். நின்றபின் எடையைப் படித்துச் சீட்டில் எழுதினார். அதற்குப் பிறகுதான் எழுந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சீட்டை நீட்டினார். அதுவரை சுந்தரராஜுலு வாசலிலேயே நின்றார். உள்ளேயும் வரவில்லை, பேசவும் இல்லை. சீட்டை வாங்கிப் பார்த்து மேனேஜரிடம் கொடுத்தார்.

"இந்த எடைதான். இனிமே பங்காரம்மா மேடைல போட்டு வந்த லோடுக்கு மில்லுல மறு எடை வேண்டாம்."

சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

பாவாவுக்கு எழுந்திருக்காத பொம்பளை என்று ஒறம்பரைகள், சொந்தக்காரர்கள்தான், ஒரு வருஷம் பேசினார்கள். ஆனால் லாரிக்காரர்கள் பேசினது வேறே. மறு எடை வேண்டாத மேடை என்று பல்லடம், திருப்பூர், பொள்ளாச்சி எல்லாம் பரவியது. பாலாஜியும் போய், எடைமேடை என்று மொட்டையாகச் சொல்வதும் போய், பங்காரம்மா எடைமேடை ஆயிற்று. பஸ் கண்டக்டர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். பலகையில் இல்லாத பேர். யாரும் எழுதாத பேர். பஸ்ஸுக்குள் அதைக் கூப்பிடுகிற சத்தம் அறை ஜன்னல் வழியாக வந்து விழும்போதெல்லாம் பங்காரம்மாவுக்குக் கழுத்தில் நகை போட்ட மாதிரி இருக்கும். யாரிடமும் சொன்னதில்லை.

இத்தனையும் நடந்து முடிந்த கதை. சுந்தரராஜுலு போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. பங்காரம்மா பேரன் பேத்தி எடுத்து, மூட்டு வலியோடு இன்னும் அதே அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். சமீபத்தில் ரோட்டை அகலப்படுத்தினார்கள். புளியமரம் போயிற்று, பழைய ஸ்டாப் கட்டடமும் போயிற்று. புதிதாக நிழற்குடை கட்டி முடித்து, பேர் எழுத இடம் மட்டும் விட்டு வைத்திருந்தார்கள். என்ன பேர் என்று கிராம சபையில் தீர்மானம் போட்டுக் கொடுக்கச் சொல்லியிருந்தார் ரோட்டு அதிகாரி.

அந்தச் சமயத்தில்தான் சுந்தரராஜுலுவின் மகன் லட்சுமிநாராயணன் பீளமேட்டிலிருந்து வந்தார். தலை நரைத்துவிட்ட மனிதர். மில்லை இப்போது அவர்தான் பார்க்கிறார். பங்காரம்மாவுக்கு மகன் முறை. வந்தவர் ஆப்பிளும் ஆரஞ்சும் நிறைந்த பையை மேசைமேல் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"சின்னம்மா, அந்த நிழற்குடைக்கு டைல்ஸ், சீட்டு, ஃபேன் எல்லாம் நாம போட்டுக் குடுத்தறலாம்னு இருக்கறேன். அப்பா பேர்ல. சுந்தரராஜுலு நினைவு நிழற்குடை. ஸ்டாப்புக்கும் அப்பா பேரு. நீங்க ஒரு வார்த்தை சரின்னு சொல்லிட்டீங்கன்னா ஊருல ஒருத்தரும் மறுக்க மாட்டாங்க."

பங்காரம்மா காப்பியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"ஸ்டாப்புக்குத்தான் பேர் இருக்குதே கண்ணு."

"அது சும்மா கூப்படறதுங்க சின்னம்மா. எழுதறதுன்னு வந்தா ஒரு மொறை இருக்குதில்லீங்களா?"

"சும்மா கூப்பட்டாலும் என்ற பேரைத்தான கூப்படறாங்க. எனக்கு அது வேணும்."

சின்னம்மா விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து லட்சுமிநாராயணன் சிரித்தார். பங்காரம்மா சிரிக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்தபின் லட்சுமிநாராயணனும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"உங்களுக்கெதுக்குங்க இந்த வயசுல பேரு? அப்பா பேருன்னாலும் நம்ம குடும்பத்துப் பேருதானுங்களே."

"உங்கப்பா பேரு மில்லுல இருக்குது, காலேஜ்ல ஒரு கட்டடத்துல இருக்குது, பீளமேட்டுல ஒரு வீதிக்கே இருக்குது. என்ற பேரு ரேஷன் கார்டுலயும் இந்த ஸ்டாப்புலயும்தான் இருக்குது. ஒண்ணைக் குடுன்னா எதைக் குடுக்கறது, சொல்லு."

"கிராம சபை இருக்குதுங்க. அங்க பாத்துக்கலாம்," என்று எழுந்தார் லட்சுமிநாராயணன். கோபம் இருந்தது. இருந்தாலும் வாசலில் நின்று, "வாரேனுங்க சின்னம்மா," என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அன்றிலிருந்து போன் ஓயவில்லை. உடுமலையிலிருந்து அண்ணி ஒருத்தி, "ஊரு சிரிக்குதம்மணி, பேருக்கு அலையறான்னு பேசறாங்க," என்றாள். "அவங்களுக்கு வேற வேலை இல்லைன்னு சொல்லுங்கண்ணி," என்று பங்காரம்மா வைத்துவிட்டார். நாத்தனார், "அந்த மனுசன் மறு எடை வேண்டாம்னு சொன்னதாலதான உனக்குப் பேரே வந்துச்சு? நன்றி வேண்டாமா?" என்றாள். அது உண்மை. பாவா அன்றைக்கு வாசலில் பொறுமையாக நின்றிருக்காவிட்டால், சீட்டைக் கிழித்துப் போட்டிருந்தால், மேடை அன்றே படுத்திருக்கும். அந்தக் கணக்கைப் பங்காரம்மா மறந்ததே இல்லை. ஆனாலும் கோலைப் பிடித்திருந்த கை யாருடையது? மனசு இரண்டு பக்கமும் ஆடியது. நிற்கவில்லை.

கிராம சபை நாள் வந்தது. காந்தி ஜெயந்தி. பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா போட்டு மைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பங்காரம்மா சேலை மாற்றிக்கொண்டு, போவதா வேண்டாமா என்று எடைமேடை அறையில் உட்கார்ந்திருந்தார். அப்போது பீளமேட்டு நம்பர் போட்ட ஒரு மினி லாரி வந்து வாசலில் நின்றது. டிரைவர் இறங்கி வந்தார். சட்டைப் பையில் முகமது ரியாஸ் என்று மில்லின் டிரைவர் அட்டை.

"ஏனுங்கம்மா, பங்காரம்மா எடைமேடை இதுதானுங்களே?"

"இதேதானுங்க. லோடு எடை போடோணுமா?"

"எடை இல்லீங்க. கல்லு ஒண்ணு எறக்கோணும். இங்கதான் வரச் சொன்னாங்க."

பங்காரம்மா எழுந்து போய்ப் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். வைக்கோல் அணைப்பில் பளபளவென்று கறுப்புக் கிரானைட். தங்க எழுத்து. சுந்தரராஜுலு நினைவு நிழற்குடை. ஊர் இன்னும் கூடவே இல்லை, கல் வெட்டி வந்துவிட்டது.

ரியாஸ் இதற்குள் ஓனருக்குப் போன் போட்டுவிட்டார். கையில் தாள்கட்டு இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். லட்சுமிநாராயணனின் குரல் கேட்டது.

"எங்க இருக்கற ரியாஸு?"

"வந்துட்டனுங்க சார். எடைமேடைல இருக்கறேன்."

"எந்த எடைமேடை? அங்க முன்னாடியே ஒண்ணு இருக்குது, ஏமாந்து நின்றாத. பங்காரம்மா எடைமேடைன்னு கேளு, கொழந்தை கூடச் சொல்லும்."

பங்காரம்மா அப்படியே நின்றார். அப்புறம் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"தம்பி, கல்லை எறக்காதீங்க. வண்டியோட பள்ளிக்கூடத்துக்குப் போலாம் வாங்க. நானும் ஏறிக்கறேன்."

கிராம சபையில் தலைவர் ஜெபமணி தீர்மானங்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் டேங்க் முடிந்தது, தெருவிளக்கு முடிந்தது. நிழற்குடைக்கு வரும்போதுதான் கேட்டுக்குள் மினி லாரி நுழைந்தது. முன்சீட்டிலிருந்து பங்காரம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். முதல் வரிசையில் இருந்த லட்சுமிநாராயணன் லாரியையும் பார்த்தார், சின்னம்மாவையும் பார்த்தார். ஒன்றும் விளங்கவில்லை அவருக்கு.

ஜெபமணி தர்மசங்கடமாகத் தொண்டையைச் செருமினார்.

"நிழற்குடைக்கு ரெண்டு பேரு வந்திருக்குதுங்க. ஐயா சுந்தரராஜுலு பேரு ஒண்ணு. பங்காரம்மாங்க பேரு ஒண்ணு. நான் ஒண்ணு சொல்றேன், அம்மா தப்பா நெனைக்கக் கூடாதுங்க. உசுரோட இருக்கறவங்க பேரை எழுதற வழக்கம் நம்ம ஊருல இல்லீங்க."

"அப்ப நான் தீர்மானம் போடறதுக்குள்ள செத்துப்போகோணுமுங்களா தலைவரே?" என்றார் பங்காரம்மா. "சித்த நேரம் குடுப்பீங்களா?"

ஷாமியானா முழுக்கச் சிரிப்பு. ஜெபமணியும் துண்டால் வாயை மூடிக்கொண்டார். பின்வரிசையிலிருந்து ஒருவர், "அம்மா, மைக்கைப் புடிச்சுப் பேசுங்க. இங்க கேக்கலை," என்றார்.

பங்காரம்மா வாழ்நாளில் மைக் பிடித்ததில்லை. பிடித்தார். மைத்துனன்கள், கொழுந்தன் மகன்கள், மருமகள்கள் என்று பாதி ஊர் உறவு முறை. எல்லாரும் பார்க்கிறார்கள்.

"எனக்கு எந்தப் பேச்சும் தெரியாதுங்க. இந்தத் தம்பி பீளமேட்டுல இருந்து கல்லு கொண்டாந்திருக்கறாரு. இவரு ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க." ரியாஸ் பக்கம் மைக்கை நீட்டினார். "உங்க ஓனரு கல்லை எங்க எறக்கச் சொன்னாருங்க?"

ரியாஸ் மைக்கைப் பார்த்து ஒரு அடி பின்வாங்கினார். கூட்டத்தைப் பார்த்தார், ஓனரைப் பார்த்தார். பொய் சொல்ல அவருக்குக் காரணம் எதுவும் தெரியாது.

"பங்காரம்மா எடைமேடை ஸ்டாப்புலதானுங்க."

இந்தத் தடவை சிரிப்பு சட்டென்று வரவில்லை. ஒரு நொடி கழித்து வந்தது. வந்தபின் அடங்கவில்லை. லட்சுமிநாராயணன் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோள் குலுங்கியது. கோபமோ என்று பக்கத்தில் இருந்தவர்கள் பயந்தார்கள். நிமிர்ந்தபோது அவரும் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீரோடு.

"வாயில வேற பேரு வரலீங்க தலைவரே. நான் என்ன பண்ணட்டும்? எங்கப்பா சொல்லிச் சொல்லி எனக்கும் அதே வந்திருச்சு. கடைசில படுக்கைல கெடந்தப்பக்கூட, லோடு எங்க எடை போட்டு வருதுன்னு கேப்பாரு. பங்காரம்மா மேடைலன்னு சொன்னாத்தான் கண்ணை மூடுவாரு."

இது பங்காரம்மாவுக்குத் தெரியாத சேதி. பாவா வாயிலிருந்து தன் பேரை அவர் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருந்தார். மைக்கைத் தன் பக்கம் திருப்பினார்.

"அப்படீன்னா கல்லைத் திருப்பி அனுப்ப வேண்டாமுங்க," என்றார். "இந்தப் பள்ளிக்கூடத்துல மூணு ரூம்பு பாவா கட்டினது. அப்படியிருந்தும் ஒரு எழுத்து அவரு பேரு இங்க இல்லை. கேட்டுக்கு வெளிய புள்ளைங்க வேன் வர்ற வரைக்கும் வெயில்ல நிக்குதுங்க. லட்சுமிநாராயணன் அந்த டைல்ஸையும் ஃபேனையும் இங்க போடட்டும். கல்லுல நிழற்குடைன்னுதான வெட்டியிருக்குது, ஒரு எழுத்தும் மாத்த வேண்டாம். அவரு குடுத்த எடத்துல அவரு பேரு. நான் உக்காந்த எடத்துல என்ற பேரு."

ஜெபமணி கூட்டத்தைப் பார்த்தார். கை தூக்கச் சொல்ல வேண்டிய வேலையே இருக்கவில்லை. லட்சுமிநாராயணன் எழுந்து போய்ச் சின்னம்மாவின் கையிலிருந்த மைக்கை வாங்கி மேசைமேல் வைத்தார்.

"எனக்கு முன்னாடியே இதைச் சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"முன்னாடி எனக்கே தெரியாது கண்ணு. வண்டில வரும்போதுதான் தோணுச்சு."

அந்த மாதமே பெயிண்டர் வந்து பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தில் எழுதினார். பங்காரம்மா நாற்காலி போட்டு எதிரில் உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தும் காயும் வரைக்கும் பார்த்தார். லோடு வண்டிகள் நாலைந்து மேடைமேல் ஏறக் காத்திருந்தன. ஒரு டிரைவரும் ஹாரன் அடிக்கவில்லை.

அடுத்த வாரம் அண்ணன் வீட்டுச் சீருக்கு உடுமலைக்குப் போய்விட்டு டவுன் பஸ்ஸில் திரும்பினார். புதுக் கண்டக்டர், இளவயது. பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது, இருந்தாலும் சீட்டுக் கிழிக்க இறங்குமிடம் கேட்க வேண்டும்.

"எங்கீங்கம்மா?"

"பங்காரம்மா எடைமேடை," என்றார் பங்காரம்மா. மெதுவாகச் சொல்ல நினைத்தார். ஆனால் குரல் முன்சீட்டு வரைக்கும் போயிற்று.

கண்டக்டர் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். பங்காரம்மா அதை வாங்கி, மணிபர்ஸில் போடாமல், கையிலேயே பிடித்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் நகர்ந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.